எப்போ அக்கா

"ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று சொன்னால் என்ன பதில் வரவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்பார்கள். சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார், உறவு கெடாமல் இருக்கும். நாற்பத்து மூன்று வயதுவரை பார்த்தவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஒருவர்கூட என் வீட்டில் வந்து உட்கார்ந்து சோறு கேட்டதில்லை.

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உடற்பேறு குறைந்தவர்களுக்கான நிலையம் ஒன்று இருக்கிறது. கைகால் பயிற்சி, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, அதற்கு மெத்தை தைப்பது என்று பகல் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். நான் அங்கே கிராணி, பதிவேடும் கணக்கும் என் பொறுப்பு. முகக்கவசத்தை எல்லோரும் கழற்றிப் போட்ட வருஷம், ஜப்பானிலிருந்து ஒரு தொண்டூழியர் இரண்டு வருஷத்துக்கு வருகிறார் என்று தலைமையகத்தில் சொன்னார்கள். வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் வருவான், நாற்காலிகளைத் தூக்கி வைக்க வசதியாக இருக்கும் என்று நாங்கள் மனக்கோட்டை கட்டியிருந்தோம். வந்தவர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண். என் தோள் உயரம்தான் இருப்பார். காதோடு வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஒரு துண்டு, தாடைக்கு அடியில் நாடா கட்டிய தொப்பி. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவராம். கோலாலம்பூரில் ஒரு மாதம் மலாய் படித்துவிட்டு வந்திருந்தார். மூன்று மொழி தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை அவருக்குத் துணையாகப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவரை மாடி மாடியாக அழைத்துப்போய்க் காட்டினேன். என் வீட்டு வாசலைக் கடக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு நாள் சாப்பிட வாங்க" என்று மலாயில் சொல்லிவைத்தேன். அவர் நின்றார். "எப்போது?" என்று மலாயில் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டார். "எப்போ" என்றேன். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. நானே என் வாயால் சொல்லிக்கொடுத்தேன்.

"எப்போ?" என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். எங்கள் வீட்டுச் சுவரில், இந்த நாட்டில் பாதி வீடுகளில் தொங்குவதுபோல, குதிரைக் காலண்டர் ஒன்று தொங்கும். பந்தய நாளுக்குக் குதிரைப் படம் போட்டு, கண் தெரியாதவர்களுக்கும் தெரிகிற அளவில் எண் போட்ட காலண்டர். அதன் முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினேன். அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கிண்ணமும் அதிலிருந்து ஆவியும் வரைந்துவிட்டுப் போனார்.

நான் மறந்துதான் போனேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காலண்டரில் கிண்ணத்தைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. பாசாருக்கு ஓடி, மீன் வாங்கி, குழம்பு கொதிக்கும்போது மணி பன்னிரண்டு அடித்தது. கதவும் தட்டப்பட்டது. கையில் ஒரு பை ஆரஞ்சு. கைலியோடு கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அன்று என் வீட்டில் வெகு நாள் கழித்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெயர் மூன்றே எழுத்து. ஆனாலும் ஆளுக்கொரு விதமாக உச்சரித்துப் பார்த்து, ஒன்றும் சரிவராமல் கைவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் பத்து மாடிக்கும் அவர் 'எப்போ அக்கா' ஆகிவிட்டார். "பிள்ளைங்க பழைய சட்டை இருக்கு, தரேன் அக்கா" என்றால் "எப்போ?". "உங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை புக்கிட் ஏறணும்" என்றால் "எப்போ?". கேட்கும்போது முகத்தில் துளி குத்தல் இருக்காது. பிறந்தநாள் எப்போது என்று கேட்கும் குழந்தையின் ஆவல்தான் இருக்கும். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பலர் வீட்டுக் காலண்டர்களில் கிண்ணமும் சட்டையும் மலையும் முளைக்க ஆரம்பித்தன.

"அக்கா, அது பேச்சுக்குச் சொல்றது. நெசமா சொல்லல" என்று நான் எத்தனையோ முறை விளக்கினேன். கவனமாகக் கேட்டுத் தலையாட்டுவார். மறுநாள் யாராவது எதையாவது சொன்னால் மறுபடி பென்சிலை எடுப்பார். முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷிக்கு இவ்வளவு சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லையே என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்திருக்கிறது.

சாக்கடையில் தண்ணீர் தேங்கி டெங்கிக் கொசு பெருகிய நேரம். எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் வைக்கலாம் என்று அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டார். நாற்பது பேர் "கண்டிப்பா வரேன்" என்றார்கள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணன், துறைமுகத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நெஞ்சில் கைவைத்து "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா, நீங்க கவலையே படாதீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அந்த வேலை நடக்காது என்பது எங்கள் புளோக்கில் பூனைக்கும் தெரியும். அக்கா கீழே ஒட்டுக்கடை வைத்திருக்கும் பாயிடம் நாற்பது பொட்டலம் நாசி லெமாக் சொல்லிவைத்தார்.

ஆறு பேர் வந்தோம். பாயையும் சேர்த்து.

வேலை முடிந்ததும், மிச்சமிருந்த முப்பத்துநாலு பொட்டலத்தையும் இரண்டு கூடைகளில் அடுக்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். கோபமாகக் கேட்கப்போகிறார், நான் மொழிபெயர்த்துச் சாகப்போகிறேன் என்று பயந்துகொண்டே போனேன். முதல் கதவைத் தட்டினார். திறந்ததும் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, கவலையோடு கேட்டார்: "உடம்பு சரியில்லையா?"

வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை என்றால் படுத்துக் கிடக்கத்தானே வேண்டும்? முப்பத்துநாலு கதவிலும் இதே கேள்வி. அசடு வழிந்தவர்களும், பொட்டலத்தை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றவர்களும், கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களும் உண்டு. முனியாண்டி அண்ணன் மட்டும் சமயோசிதமாக இருமினார். "ஆமா லா, நேத்து ராத்திரியிலேருந்து ஒரே சளி" என்றார்.

அது அவர் செய்த பெரிய தவறு. அன்று மாலையே அக்கா இஞ்சி போட்ட கஞ்சியோடு போனார். மறுநாள் போய் நெஞ்சில் தட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார். அதற்கடுத்த நாள் மூன்றாம் மாடி வராந்தாக் கம்பியருகே நிற்கவைத்துக் கையைத் தூக்கி இறக்கச் சொன்னார். போகிற வருகிறவர்கள் எல்லாம் "அண்ணே, இப்ப தேவலையா?" என்று விசாரித்தார்கள். நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு முனியாண்டி அண்ணன் தனியாகக் கீழே இறங்கி, முழங்கால்வரை சாக்கடையில் நின்று சேறு அள்ளிக்கொண்டிருந்தார். "எனக்குக் கொணமாயிருச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிரு மாலா" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினார்.

அதற்குப் பிறகு எங்கள் புளோக்கில் ஜனங்கள் வாயை அளந்து திறக்க ஆரம்பித்தார்கள்.

ஷாமினியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஷாமினிக்கு அப்போது இருபது வயது. பிறந்ததிலிருந்தே கால் நடக்காது. வாய் நடக்கும், தமிழ், மலாய், ஆங்கிலம், பக்கத்துச் சீனர் வீட்டில் கேட்டே கற்ற ஹொக்கியன் என்று நாலு மொழியில் நடக்கும். குடியிருப்பது ஆறாம் மாடி. எங்கள் லிஃப்ட் கீழ்த்தளம், நாலு, ஏழு, பத்து ஆகிய இடங்களில் மட்டும்தான் நிற்கும். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் அப்படிச் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். ஆக, ஷாமினி கீழே போகவேண்டுமென்றால் முதலில் ஒரு மாடி மேலே ஏற வேண்டும். பதினெட்டுப் படி. நடுவில் ஒரு திருப்பம். அப்பா இருந்தவரை முதுகில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனார். அவர் தவறிய பிறகு அம்மா புஷ்பா அக்காவால் தூக்க முடியவில்லை. விடிவதற்கு முன் தொழிற்சாலைக் கேண்டீனுக்கு வேலைக்குப் போகிறவர் அவர். ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாமன் மகன்கள் வந்து தூக்குவார்கள். மற்ற நாளெல்லாம் ஆறாம் மாடிதான். ஐந்து வருஷம்.

எங்கள் நிலையத்தில் முகப்பு மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. நிபோங் திபால் வரையிலிருந்து சக்கர நாற்காலி பழுது என்று போன் வரும், ஆட்கள் நேரிலும் வருவார்கள். ஷாமினியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. தலைமையகம் ஒத்துக்கொண்டது. ஆனால் மூன்று மாதம் தேர்வு நிலை. காலை எட்டரைக்கு வந்துவிட வேண்டும். மூன்று முறைக்கு மேல் தவறினால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். நான் அவளிடம், வீட்டிலிருந்தபடி போனில் செய்கிற வேலை ஏதாவது தேடித் தரட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு வேலை வேணும்னு இல்ல அக்கா. கீழ போற வேலை வேணும்" என்றாள்.

எப்போ அக்கா முதலில் லிஃப்ட் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனார். ஆறாம் மாடியில் ஒரு கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதானே என்பது அவர் எண்ணம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். சிரித்த முகமாக "பார்க்கலாம்" என்றார். அக்கா "எப்போ?" என்றார். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம் போய் உட்கார்ந்தோம். மறுபடி அடுத்த வாரம். இப்படி ஏழு செவ்வாய்க்கிழமை. அவர் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போன ஒரு நாள், அலுவலகம் பூட்டும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று. எட்டாவது செவ்வாயன்று அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அம்மா, முடியாது. அந்தச் சுவரை உடைக்க முடியாது. புது லிஃப்ட் போடவும் இப்போதைக்குப் பணம் இல்லை. முடியவே முடியாது."

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா துள்ளாத குறை. "மாலா, இப்போ தெரியும்! முடியாது! ரொம்ப நல்லது லா" என்றார். வெய்யிலில் நின்றுகொண்டு நான் அவரை முறைத்தேன். ஏழு வாரமாகக் கிடைக்காத உண்மையான பதில் கிடைத்துவிட்டதாம். இனிமேல் அதற்காகக் காத்திருக்க வேண்டாமாம்.

அடுத்த வாரமே படியில் தூக்குவதற்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார். இந்த முறை யாரிடமும் "வருவீங்களா?" என்று கேட்கவில்லை. "நீங்க எந்தக் கிழமை வர முடியாது?" என்று கேட்டார். ஜனங்கள் திகைத்துப் போனார்கள். இல்லை என்று சொல்லும்படி எங்களை யாரும் கேட்டதே கிடையாது. "முடியாதுன்னு எல்லாம் இல்ல அக்கா, பாப்போம்..." என்று இழுத்தார்கள். அக்கா விடவில்லை. நிலையத்தில் ஒரு சனிக்கிழமை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முடியாது சொல்லும் பயிற்சி வைத்தார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வைத்தார். ஒருவர் மற்றவரிடம் ஏதாவது கேட்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து, சிரித்து, "முடியாது" என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது.

எத்தனை கஷ்டம் தெரியுமா? பாய் முதல் ஆளாக எழுந்து "எனக்கு வெள்ளிக்கிழமை முடியாது. மத்த நாள் காலையில பத்து நிமிஷம் முடியும்" என்று கணீரென்று சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். என் முறை வந்தபோது அக்காவே எதிரில் உட்கார்ந்து, "மாலா, நாளைக்கு என் வீட்டுக்கு வந்து துணி துவைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார். "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். நாக்கு அப்படிப் பழகியிருந்தது. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் ஒத்துக்கொண்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. ஷாமினிக்கு வீடியோ எடுத்துக் காட்டினார்கள், அவள் ஒரு மாதம் என்னைத் துணி துவைக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டுத் தடுமாறிப் பதினொரு பேர் தேறினோம். காலையில் மூன்று பேர், மாலையில் மூன்று பேர். பின்னால் இருவர், முன்னால் ஒருவர். எப்படிப் பிடிப்பது, எந்தப் படியில் மூச்சு விடுவது என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். முதலில் தானே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "என்னைப் போட்டா பரவாயில்ல. ஷாமினியைப் போடக் கூடாது." அதன் பிறகு தூக்குகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்துத் தூக்கச் செய்தார். பின்புறமாகச் சாய்ந்து, யாரோ மூன்று பேர் கையை நம்பி, படியில் ஏறும்போது அடிவயிறு என்ன பாடுபடும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முனியாண்டி அண்ணன் தொண்ணூறு கிலோ. திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சரிந்தபோது அவர் கூப்பிடாத சாமி இல்லை. இறங்கியதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைய நான் ஒரு நாளும் ஆட்டாம தூக்குவேன்" என்றார். அக்கா பென்சிலை எடுக்கவில்லை. அவர் பென்சில் எடுக்காமல் விட்ட முதல் வாக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஷாமினி கீழே வந்தாள். முதல் வாரம் பாய் கடைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா நிறுத்தச் சொல்வாள். பேருந்து போவதையும், பாசார்க்காரர்கள் கத்துவதையும், மலையிலிருந்து மழை இறங்கி வருவதையும் பார்த்துவிட்டு "சரி, போலாம்" என்பாள். மழையானாலும், லிஃப்ட் ரொசாக் ஆகி நின்ற நாளிலும்கூட எட்டு இருபதுக்கு மேசையில் இருந்தாள். அந்த லிஃப்ட் நின்ற நாளில் ஆறு மாடியையும் படியிலேயே இறக்கினோம். அக்கா முன்னால் நடந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. ஷாமினியின் தேர்வு நிலை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அக்காவின் இரண்டு வருஷம் அதற்குள் முடிந்துவிட்டது. நீட்டித்துத் தர அவர் அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

கிளம்பும் வாரம், மத்தியானம் ஒரு நாள் பாய் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். வெகு நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "அக்கா, உங்க ஊர்ல யாருமே ஒப்புக்குப் பேச மாட்டாங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் தே மேசையில் சிந்தியது. "எங்க ஊர்லயா? 'யோசிச்சுப் பாக்குறோம்'னு சொன்னா முடிஞ்சிச்சு, நடக்காது. நீங்க 'பாப்போம்', நாங்க 'யோசிக்கிறோம்'. அண்ணன் தம்பி லா."

"அப்ப... உங்களுக்கு எல்லாம் புரிஞ்சிதா?"

"மொத நாள்லேருந்து."

"முனியாண்டி அண்ணன் இருமினது?"

"பொய் இருமல். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இரண்டு வருஷமாக, "அக்கா, அது பேச்சுக்குச் சொல்றது" என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கியிருக்கிறேனே, இந்த மனுஷி ஒன்றும் தெரியாத பாப்பாவைப்போல உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறாரே! "ஏன் அக்கா?" என்றேன்.

"எனக்குப் புரியலன்னா யாருக்கும் கோவம் வராது. வெளியூர்க்காரிக்கு அந்த ஒரு வசதிதான் இருக்கு, மாலா. அதை வெச்சுத்தான் வேலை பாத்தேன்."

கோபம் நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு பயம் வந்தது. அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு யார் யாரைப் பார்த்து "எப்போ?" என்று கேட்பது? நாங்கள் உள்ளூர்க்காரர்கள். எங்களுக்கு எல்லாம் புரியும். முனியாண்டி அண்ணன் "இன்னிக்கு முடியல லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் புரியாததுபோல நடிக்க முடியுமா? நாலு நாள் ஆள் வராமல் போனால் போதும், ஷாமினி திரும்பவும் ஆறாம் மாடிதான். இதை அவரிடம் கேட்டேன்.

"அது எனக்கும் தெரியல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வாட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

வழியனுப்பு விருந்தில் அவர் எழுந்து நின்று கேட்டார்: "ஞாயித்துக்கெழமை ஏர்போர்ட்டுக்கு யார் யார் வர முடியாது?" பாய் கையைத் தூக்கினார். ஞாயிறு கடையில் கூட்டம். கேண்டீன் வேலை என்று புஷ்பா அக்கா தூக்கினார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது, அவர் முகம் ஒவ்வொரு கைக்கும் மலர்ந்தது. எனக்கு ஞாயிறன்று நிபோங் திபாலில் நாத்தனார் மகளுக்குப் பரிசம். நான் இல்லாமல் நடக்காது. பழைய மாலாவாக இருந்தால் "கண்டிப்பா வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, அன்று போனை எடுக்காமல் இருந்திருப்பேன். அவர் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "எனக்கு முடியாது அக்கா" என்றேன். சிரிக்க வேண்டும் என்பது விதி. அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை, அழுதுவிட்டேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா சொன்னீங்க, மாலா. ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றார். அந்தப் பிடி இப்போதும் என் கையில் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்தது. அன்று காலை முறை முனியாண்டி அண்ணன், ஏழாம் மாடி லிம் அங்கிள், என் வீட்டுக்காரர். எனக்குப் புதன்தான். ஆனாலும் என் வீட்டுக்காரர் மதிய ஷிஃப்ட் என்றால் எட்டு மணிக்குத்தான் புரண்டு படுப்பார். ஏழரைக்கு எழுப்பப் போனேன், ஆளைக் காணோம். எங்கே கழன்றுகொண்டாரோ என்று கரித்துக்கொட்டிக்கொண்டே ஆறாம் மாடிக்கு ஓடினேன்.

படியில் கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பாய் மாவு ஒட்டிய கையோடு நின்றார். கடையில் அந்த நேரம் ரொட்டி சானாய்க்கு வரிசை நிற்கும். லிம் அங்கிள் மேலே திருப்பத்தில். செவ்வாய்க்கிழமைக்காரர்கள், வியாழக்கிழமைக்காரர்கள், மாலைக்காரர்கள். என்னைச் சேர்த்துப் பதினொரு பேர்.

"நீங்க ஏன் பாய் வந்தீங்க? இன்னிக்கு உங்க மொறை இல்லியே?" என்றேன்.

"சும்மா பாக்க வந்தேன் லா. முனியாண்டி வருவாரோ மாட்டாரோன்னு..."

கூட்டத்துக்கு நடுவிலிருந்து முனியாண்டி அண்ணன் வெடித்தார். "என்னா? என்னை நம்பாமத்தான் இத்தன பேரும் வந்தீங்களா? நான் ஆறே முக்காலுக்கே வந்துட்டேன் தெரியுமா?"

"எதுக்கு ஆறே முக்காலுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ வர மாட்டேன்னு நெனச்சேன்! ஆள் தேட நேரம் வேணாமா?"

அவ்வளவுதான். யார் யாரை நம்பவில்லை என்று பத்து மாடிக்கும் கேட்கிற சண்டை ஆரம்பித்தது, நேரம் போனதே தெரியவில்லை. லிம் அங்கிள் ஹொக்கியனில் ஏதோ சொன்னார், ஷாமினி மட்டும் சிரித்தாள். தலை வாரி, புதுச் சட்டை போட்டு, நாற்காலியில் தயாராக இருந்தவள் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, சண்டைய சாயந்தரம் வெச்சுக்கலாமா? மணி எட்டு இருபத்தேழு."

எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பிடித்தார்கள். அதனால் யாராலும் தூக்க முடியவில்லை. எட்டு பேரைப் பின்னால் தள்ளி, மூன்று பேர் தூக்கி, ஏழாம் மாடியில் ஏற்றி, எல்லோரும் லிஃப்டில் ஏறப் பார்த்து அது கத்தி, மறுபடி இறங்கி, ஒருவழியாக ஷாமினி மேசைக்கு வந்து சேர்ந்தபோது எட்டு முப்பத்தாறு. தேர்வு நிலையில் அவளுக்கு விழுந்த ஒரே தாமதம் அது. மூன்று வாரம் கழித்து வேலை உறுதியாகிவிட்டது, இன்றும் எங்கள் நிலையத்துப் போனை எடுப்பவள் அவள்தான். ஆனால் அன்று காலை வருகைப் பதிவைத் திறந்து அந்த எட்டு முப்பத்தாறை நான்தான் எழுத வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தலைமையகத்தில் படிப்பார்கள். வெகு நேரம் யோசித்துவிட்டு, நடந்ததையே எழுதினேன்: தூக்க வந்த ஆட்கள் அதிகம்.

ஷாமினி எட்டிப் பார்த்தாள்.

"எத்தன பேருன்னும் போடுங்க அக்கா" என்றாள்.

போட்டேன்.